துருவைத் தடுக்கும் தாவரச் சாறு: கடைசல் பட்டறைக்கு எது உதவும், எது உதவாது?

டத்தோ கிராமாட் – சனிக்கிழமை மாலை லேத் இயந்திரத்திலிருந்து கண்ணாடிபோல் இறக்கி வைத்த ஷாஃப்ட், திங்கட்கிழமை காலையில் பழுப்புப் புள்ளிகளோடு நிற்கும். பினாங்கில் கடைசல் வேலை செய்யும் எவருக்கும் இது புதிய செய்தி அல்ல. எமெரி தாள் போட்டுத் தேய்த்தால் துரு போய்விடும். தேய்த்த இடத்தில் அளவும் போய்விடும். அளவு போன பொருளை வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார். இரும்பின் விலை, இயந்திரம் ஓடிய நேரம், ஆளின் உழைப்பு மூன்றும் வீண்.

வேம்பு, கறிவேப்பிலை, கீழாநெல்லி, மருதாணி என நம் வீட்டுப் பக்கத்துச் செடிகளின் சாறு இரும்பைத் துருவிலிருந்து காக்கும் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பினாங்கிலேயே அப்படிப்பட்ட ஆய்வு நடந்திருக்கிறது. அவை சொல்வது உண்மை. ஆனால் எந்த இரும்புக்கு, எந்த நிலையில், எந்தச் சாறு என்ற விவரத்தை விட்டுவிட்டுக் கடைந்த பரப்பில் கஷாயத்தைத் தடவினால் இழப்புதான் மிஞ்சும். பட்டறைத் தொழிலில் இருக்கும் நம்மவர்களும், அத்தொழிலுக்குள் நுழையும் இளையோரும் இந்த விவரத்தை அறிந்திருப்பது நல்லது.

துரு எங்கிருந்து வருகிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். நீர் என்றால் மழையில் நனைய வேண்டும் என்பதில்லை. காற்றில் ஈரம் கூடும்போது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் இரும்பின்மேல் படிகிறது. அந்தப் படலத்தின் அடியில் இரும்பின் பரப்பு எண்ணற்ற சின்னஞ்சிறு பேட்டரிகளாக மாறிவிடுகிறது. ஓரிடத்தில் இரும்பு கரைந்து மின்னணுக்களை விடுகிறது. பக்கத்து இடத்தில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. கரைந்த இரும்பு நீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து பழுப்பு நிறத் துருவாகப் படிகிறது.

காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது, மாசு கலந்த காற்றில் துருப்பிடிக்கும் வேகம் திடீரென ஏறுகிறது என்பதை இங்கிலாந்தின் வேதியியலாளர் வெர்னன் 1930-களில் எடுத்துக்காட்டினார். பினாங்கின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். சுற்றிலும் கடல் என்பதால் உப்பும் கலந்து வருகிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நீரில் மின்சாரம் எளிதாக ஓடவும் வழி செய்யும்.

கடைந்த பரப்புக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆலையிலிருந்து வரும் இரும்புக் கம்பியின்மேல் சூட்டில் உருவான கறுப்புச் செதிலும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். லேத் உளி அவற்றைச் சீவி எடுத்துவிடுகிறது. உள்ளே இருந்த புத்தம் புதிய இரும்பு முதன்முறையாகக் காற்றைச் சந்திக்கிறது. உளி விட்டுச் சென்ற நுண்ணிய கோடுகளில் ஈரமும் கூலண்ட் நீரும் தங்கிவிடுகின்றன.

அதோடு கை வியர்வை. வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் உண்டு. கையுறை இல்லாமல் தொட்ட இடத்தில் மறுநாள் விரல் ரேகை அப்படியே துருவாக எழுந்து நிற்பது இதனால்தான். சிலரின் வியர்வை மற்றவர்களுடையதைவிட வேகமாகத் துருவை உண்டாக்கும் என்பதும் பொறியியல் தொழிலில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அது உடல்வாகு, வேலையில் கவனக்குறைவு என்று அவரைக் குறை சொல்ல முடியாது.

ஈய ஆலை தெரு சொல்லும் பாடம்

துருவுக்கு எதிரான போராட்டத்தில் டத்தோ கிராமாட்டுக்கு ஒரு பழைய பங்கு உண்டு. இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் கட்டடங்கள் நிற்கும் இடத்தில் முன்பு ஈயம் உருக்கும் ஆலை இருந்தது. 1907-இல் அமைந்த ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் நிறுவனம் அங்குதான் ஈய மணலை உருக்கிப் பாளமாக வார்த்தது. மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மணல் இங்கே உலோகமாகி, கப்பலேறி வெளிநாடு போனது.

நாம் ஈயம் என்று சொல்லும் இந்த வெள்ளீயத்தின் முக்கியப் பயன்களில் ஒன்று, இரும்புத் தகட்டின்மேல் மெல்லிய முலாமாகப் பூசுவது. பால் டின், பிஸ்கட் டின் எல்லாம் அப்படி வந்தவை. உள்ளே இருப்பது இரும்பு. துருப்பிடிக்காமல் காப்பது மேலே இருக்கும் வெள்ளீயம்.

இரும்புக்கும் ஈரத்துக்கும் நடுவே ஒரு திரை போட வேண்டும் என்பதே அதன் தத்துவம். வெள்ளீயம், சாயம், கிரீஸ், எண்ணெய் எல்லாம் இந்தத் திரையின் வெவ்வேறு வடிவங்கள். தாவரச் சாறும் ஒரு திரையைத்தான் போடுகிறது. ஆனால் அந்தத் திரை மிக மெல்லியது. பல நேரங்களில் ஒரே ஒரு மூலக்கூறு அளவு தடிமனே இருக்கும். அதன் பலமும் பலவீனமும் இதில்தான் இருக்கின்றன.

வாழைக்காய் வெட்டிய கத்தி

வாழைக்காயை இரும்புக் கத்தியால் வெட்டினால் கத்தியும் விரலும் கறுத்துப்போவதை எல்லா வீடுகளிலும் பார்த்திருப்பார்கள். காயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருநீல நிறப் பொருளாவதே அந்தக் கறை. துவர்ப்புக்குக் காரணமான இந்த வேதிப்பொருள்களுக்கு டானின் என்று பெயர். கடுக்காய், தேயிலை, மாதுளைத் தோல், வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி என நாக்கைத் துவர்க்க வைக்கும் பல பொருள்களில் டானின் வகைகள் இருக்கின்றன.

நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை செய்தார்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகளாக ஓக் மரத்தில் உண்டாகும் முடிச்சுக்காய்களையும் இரும்பு உப்பையும் கலந்து மை தயாரித்தார்கள். கத்தியில் படியும் கறையும் காகிதத்தில் நின்ற மையும் ஒரே வகை வேதிவினையின் விளைவுகள்.

இந்த வினை துருவோடும் நடக்கும். துருவில் உள்ள இரும்பை டானின் பற்றிக்கொண்டு, நீரில் எளிதில் கரையாத கறுப்புப் படலமாக மாற்றுகிறது. கடைகளில் விற்கும் 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' திரவங்களில் பலவற்றின் அடிப்படை இதுதான். அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருள்களைக் காப்பவர்களும் டானிக் அமிலத்தைப் பூசுகிறார்கள். நீராவிக் கொதிகலன்களின் நீரில் மரப்பட்டை டானினைக் கலந்து உட்புறம் அரிக்காமல் பார்த்துக்கொள்ளும் வழக்கமும் நீண்ட காலம் இருந்தது.

துரு இல்லாத இரும்பில் நடப்பது சற்று வேறு. தாவர மூலக்கூறுகளில் ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகம் போன்ற அணுக்கள் உள்ள இடங்கள் இரும்பின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். மூலக்கூறின் மீதிப் பகுதி குடைபோல் விரிந்து இரும்பை மறைக்கும். மறைந்த இடத்தில் நீரும் அமிலமும் நெருங்குவது கடினமாகிறது. இதைத்தான் ஆய்வாளர்கள் துருத்தடுப்பான் என்கிறார்கள்.

கரி சூளையில் கழியும் பட்டை

டத்தோ கிராமாட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், குளுகோரின் மின்டென் வளாகத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வேதியியல் ஆய்வாளர்கள் அஃபிடா அப்துல் ரஹிம், முகமட் ஜைன் காசிம் உள்ளிட்ட குழுவினர் இந்தத் துறையில் குறிப்பிடத்தக்க வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட தாவரம் கடலோரச் சதுப்பில் வளரும் பாக்காவ் மரம்.

பேராக்கின் மாத்தாங் சதுப்புநிலக் காடு சுமார் 40,000 ஹெக்டர் பரப்புடையது. 1900-களின் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டு நிர்வகிக்கப்படும் அந்தக் காட்டில், மரங்களை 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி மீண்டும் நடுகிறார்கள். வெட்டிய மரம் கோலா செபெத்தாங் பகுதியின் கரி சூளைகளுக்குப் போகிறது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து மலாயாவின் முதல் ரயில் ஓடிச் சேர்ந்த போர்ட் வெல்ட்தான் இன்றைய கோலா செபெத்தாங்.

சூளையில் அடுக்குவதற்கு முன் மரத்தின் பட்டையை உரித்துவிடுவார்கள். கரித் தொழிலுக்கு அந்தப் பட்டை கழிவு. ஆனால் அதில் டானின் நிறைய உண்டு. தோல் பதனிடவும் மீன் வலைக்குச் சாயமேற்றி உறுதியாக்கவும் சதுப்பு மரப்பட்டையை முன்பு பயன்படுத்தியது இதனால்தான். பினாங்கு ஆய்வாளர்கள் இந்தப் பட்டையிலிருந்து டானினைப் பிரித்தெடுத்து இரும்பின்மேல் சோதித்தார்கள்.

பிரான்சின் நான்சி நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு இணைந்து அவர்கள் எழுதிய கட்டுரை 2007-இல் 'கொரோஷன் சயன்ஸ்' என்ற அனைத்துலக ஆய்விதழில் வெளிவந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரும்பு அரிக்கப்படுவதைச் சதுப்பு மர டானினும் அதன் உறுப்புகளான கேட்டிசின், எபிகேட்டிசின் உள்ளிட்ட நான்கு மூலக்கூறுகளும் தடுக்கின்றன என்று அது காட்டியது. தேயிலைத் தோட்டங்களோடு உறவுள்ள குடும்பங்களுக்கு இந்தப் பெயர்கள் அந்நியம் அல்ல. பச்சைத் தேயிலையின் துவர்ப்புக்கும் கேட்டிசின் வகை மூலக்கூறுகளே காரணம்.

2011-இல் இதே டானினைத் துருவை மாற்றும் பூச்சாகவும் அவர்கள் ஆராய்ந்தார்கள். அதே ஆண்டில் காசுக்கட்டி தரும் கம்பீர் செடியின் சாற்றைப் பற்றிய ஆய்வும் அப்பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. கழிவாகப் போகும் பட்டைக்கு ஒரு விலை கிடைத்தால் காட்டை நம்பி வாழ்வோருக்கும் பயன் உண்டு என்பது இந்த ஆய்வுகளின் இன்னொரு முகம்.

கறிவேப்பிலையும் காரைக்குடியும்

தாவரச் சாற்றை அமிலத் தொட்டியில் சேர்ப்பது நேற்று வந்த யோசனை அல்ல. மேலை நாடுகளில் 1930-களிலேயே உலர்ந்த செடிகளின் சாற்றைக் கந்தக அமிலத் தொட்டியில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பின்னர் பெட்ரோலியத்திலிருந்து வந்த செயற்கை வேதிப்பொருள்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றின் நச்சுத்தன்மை தெரிய வந்த பிறகு ஆய்வாளர்கள் மறுபடியும் செடிகளை நோக்கித் திரும்பினார்கள். நைஜீரிய ஆய்வாளர்கள் 2008-இல் கீழாநெல்லிச் சாற்றையும், இந்தியாவின் வாரணாசி ஆய்வாளர்கள் 2010-இல் கறிவேப்பிலைச் சாற்றையும் பற்றி எழுதினார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு முகவரி காரைக்குடி. அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 1948 ஜூலை 25-ஆம் தேதி ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் அந்த நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1953 ஜனவரி 14-ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். உலோக அரிப்பு அதன் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்று. கடற்காற்றில் உலோகங்களைச் சோதிக்க மண்டபத்திலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு.

கடைசல் பட்டறைக்கு நெருக்கமான ஆய்வு ஒன்றும் அங்கிருந்து 2005-இல் வந்தது. மரப்பட்டை எண்ணெய்களின் ஆவி, மூடிய பெட்டிக்குள் இருக்கும் உலோகத்தின்மேல் படிந்து துருவைத் தடுக்குமா என்று அதில் சோதித்தார்கள். பேரிங், கியர் போன்ற பொருள்கள் ஒருவித மெழுகுத்தாளில் சுற்றப்பட்டு வருவதைப் பட்டறைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். வி.சி.ஐ எனப்படும் அந்தத் தாளில் மெதுவாக ஆவியாகும் துருத்தடுப்பான் தடவப்பட்டிருக்கும். அந்த வேலையைத் தாவர எண்ணெய் செய்ய முடியுமா என்பதே காரைக்குடியின் கேள்வி.

90 விழுக்காடு என்றால் என்ன?

தாவரச் சாற்றைப் பற்றிய ஆய்வுகளில் '90 விழுக்காடு பாதுகாப்பு' போன்ற எண்கள் அடிக்கடி வரும். இந்த எண்ணைப் புரிந்துகொள்வதில்தான் பலர் தவறுகிறார்கள்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமிலத்துக்குள் நடப்பவை. ஓர் இரும்புத் துண்டைச் சாறு கலக்காத அமிலத்திலும், இன்னொன்றைச் சாறு கலந்த அமிலத்திலும் ஊறப்போடுவார்கள். முதல் துண்டு 100 மில்லிகிராம் எடை இழந்து, இரண்டாவது 10 மில்லிகிராம் மட்டும் இழந்தால் பாதுகாப்பு 90 விழுக்காடு. இரண்டாவது துண்டும் அரிக்கப்பட்டிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

அமிலத் தொட்டியில் இது பெரிய லாபம். முலாம் பூசுவதற்கு முன் இரும்பின் செதிலை அமிலத்தில் கழுவி எடுப்பார்கள். கொதிகலனுக்குள் படிந்த சுண்ணாம்பையும் அமிலம் விட்டே கரைப்பார்கள். அமிலம் அழுக்கை மட்டும் தின்ன வேண்டும், இரும்பைத் தின்னக்கூடாது. அங்கே தாவரச் சாறு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

கடைந்த ஷாஃப்ட்டின் கணக்கு வேறு. 25 மில்லிமீட்டர் துளைக்கு, பட்டறைகளில் வழக்கமாகக் கேட்கப்படும் எச்7 என்ற அளவு வரம்பு வெறும் 21 மைக்ரோன். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோன். இவ்வளவு நுணுக்கமான பரப்பில் லேசான அரிப்பும், லேசான கறையும்கூடப் பொருளை நிராகரிக்கக் காரணமாகிவிடும்.

தேயிலை அல்லது கடுக்காய்க் கஷாயத்தைக் காய்ச்சி அதில் பூசினால் நடப்பது இதுதான்: கஷாயத்தில் பெரும்பகுதி நீர், அது துருவுக்குத் தீனி. டானின் கரைசல் சற்று அமிலத்தன்மையுடையது. அது பளபளப்பான பரப்பைக் கறுக்கச் செய்யும். நீர் உலர்ந்த பிறகு எஞ்சும் படலத்தில் வெடிப்புகள் இருக்கும். அவற்றின் வழியே ஈரம் உள்ளே போகும். ஆய்வகத்தில் இரும்பைக் காத்த அதே சாறு பட்டறை மேசையில் இரும்பைக் கெடுக்கும்.

இன்னொரு சிக்கல் சீரின்மை. மழைக்காலத்து இலையும் வெயில்காலத்து இலையும் ஒன்றல்ல. இளமரப் பட்டையும் முதிர்ந்த பட்டையும் ஒன்றல்ல. ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் சாற்றின் வலிமை மாறும். சில நாள்களில் அது புளித்து நுரைக்கவும் தொடங்கும். கூலண்ட் தொட்டியில் ஊற்றினால் கிருமிகளுக்கு விருந்தாகி நாற்றம் எடுக்கும். அந்தக் கூலண்ட் கையில் படும்போது தோல் அரிப்பும் சேர்ந்து வரலாம்.

பழைய மருந்துகளின் விலை

அப்படியானால் ஏன் இத்தனை நாடுகளில் ஆய்வாளர்கள் செடிகளைத் தேடிப் போகிறார்கள்? பழைய துருத்தடுப்பான்கள் மனிதருக்கு வைத்த விலைதான் காரணம்.

குரோமேட் உப்புகள் இரும்பையும் அலுமினியத்தையும் அருமையாகக் காக்கும். ஆனால் அவற்றில் உள்ள ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவம் உறுதிப்படுத்தி, அதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. சோடியம் நைட்ரைட் மலிவானது, துருவையும் நன்கு தடுக்கும். ஆனால் கூலண்டில் உள்ள சில அமீன் வகைப் பொருள்களோடு அது சேரும்போது நைட்ரோசமீன் என்ற புற்றுநோய்ப் பொருள்கள் உருவாகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவம் 1984-இல் குறிப்பிட்ட சில கூலண்ட் வகைகளில் நைட்ரைட் கலப்பதைத் தடை செய்தது இதனால்தான்.

கூலண்ட் தெறிப்பில் நாள் முழுவதும் கை நனைய நிற்பவர் பட்டறை முதலாளி அல்ல. இயந்திரத்தை ஓட்டும் தொழிலாளி. துருத்தடுப்பானில் என்ன இருக்கிறது என்பது அவருடைய தோலையும் நுரையீரலையும் பற்றிய கேள்வி.

துருவால் உலகம் இழப்பதும் கொஞ்சமல்ல. அமெரிக்காவைத் தலைமையகமாகக் கொண்ட அரிப்புத் தடுப்புப் பொறியியலாளர் அமைப்பான நேஸ் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, அரிப்பின் உலகளாவிய ஆண்டுச் செலவை 2.5 டிரில்லியன் அமெரிக்க டாலர் என்று மதிப்பிட்டது. ஏற்கெனவே தெரிந்த தடுப்பு முறைகளைச் சரியாகப் பின்பற்றினாலே அதில் 15 முதல் 35 விழுக்காடு வரை மிச்சப்படுத்தலாம் என்றும் அது கூறியது.

ஆமணக்கும் செம்பனையும்

கடைந்த இரும்பைக் காக்கும் வேலையில் தாவரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை கஷாய வடிவில் வராததால் நாம் கவனிப்பதில்லை.

ஆமணக்கு எண்ணெயைக் காரச் சோடாவோடு சேர்த்துக் கடும் சூட்டில் வினைபுரியச் செய்தால் செபாசிக் அமிலம் கிடைக்கும். அதன் உப்பு நீரில் கரைந்து, இரும்பின்மேல் ஒட்டி, துருவைத் தடுக்கும். பட்டறைக் கூலண்டிலும் கார் ரேடியேட்டரில் ஊற்றும் நீண்டகாலக் கூலண்டிலும் அது சேர்க்கப்படுகிறது. உலகில் ஆமணக்கை மிக அதிகம் விளைவிக்கும் நாடு இந்தியா. வயிறு சுத்தமாகப் பாட்டி கொடுத்த விளக்கெண்ணெயின் உறவுதான் ரேடியேட்டருக்குள்ளும் ஓடுகிறது.

பைன் மரத்திலிருந்து காகிதம் செய்யும் ஆலைகளில் உபரியாகக் கிடைக்கும் கொழுப்பு அமிலமும் கூலண்டுகளில் சேர்கிறது. நம் செம்பனை எண்ணெய்யிலும் ஒலெயிக் அமிலம் நிறைய உண்டு. துருத்தடுப்பு எண்ணெய்களில் சேர்க்கும் பல பொருள்களுக்கு அது மூலப்பொருள். செம்பனையிலிருந்து கொழுப்பு அமிலம் பிரிக்கும் ஆலை பினாங்கின் பிறை தொழிற்பேட்டையிலேயே இயங்குகிறது. தோட்டத்தில் வெட்டிய குலை, பல கைகள் மாறி, இயந்திர எண்ணெயாகத் திரும்பி வரக்கூடும்.

இந்தக் கொழுப்பு அமிலங்களின் மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டு. தலை இரும்பைப் பற்றிக்கொள்ளும். நீண்ட வால் எண்ணெய்போல நீரைத் தள்ளும். இவை எண்ணெய்ப் படலத்துக்குள் கலந்திருக்கும்போது, மெல்லிய திரையும் தடித்த திரையும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

அதற்காகச் சமையல் எண்ணெயை எடுத்து ஷாஃப்ட்டில் பூசிவிடக்கூடாது. தையல் இயந்திரத்தில் சமையல் எண்ணெய் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சில வாரங்களில் அது பிசின்போல் இறுகிவிடும். காற்றுபட்டுச் சிக்குப் பிடித்த எண்ணெயில் உருவாகும் அமிலங்கள் உலோகத்தையும் உறுத்தும். ஆலையில் பிரித்து, சுத்திகரித்து, சரியான அளவில் கலந்தால்தான் செம்பனையும் ஆமணக்கும் இரும்புக்கு மருந்தாகின்றன.

பட்டறையில் கடைப்பிடிக்க வேண்டியவை

பணம் அதிகம் செலவழிக்காமல் பட்டறைக்காரர்கள் செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு.

முதலாவது, கூலண்டின் கலவை விகிதம். நீர் குறைந்துபோனதும் வெறும் நீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் எண்ணெய் நீர்த்துப்போய்த் துரு தொடங்கும். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் விகிதம் தெரிந்துவிடும். கூலண்ட் லேசான காரத்தன்மையோடு, பி.எச் 9-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதற்கும் கீழே நன்றாக இறங்கிவிட்டால் தொட்டியில் கிருமி பெருகிவிட்டது என்று பொருள். துருவும் பின்னாலேயே வரும்.

இரண்டாவது, கடைந்து முடித்ததும் பொருளைத் துடைத்து உலர்த்த வேண்டும். துளைகளிலும் மரைகளிலும் தங்கிய நீரைக் காற்று ஊதி வெளியேற்ற வேண்டும். பிறகு வெறுங்கையால் தொடாமல் துருத்தடுப்பு எண்ணெயைப் பூச வேண்டும். ஈரத்தின்மேல் எண்ணெய் பூசினால் ஈரம் அடியில் சிறைப்பட்டு அங்கேயே துருப்பிடிக்கும்.

மூன்றாவது, சுற்றி வைக்கும் தாள். பழைய நாளிதழில் சுற்றி வைப்பது பல பட்டறைகளின் பழக்கம். நாளிதழ் படிக்க உகந்தது. ஷாஃப்ட்டைச் சுற்ற உகந்ததல்ல. அந்தத் தாள் ஈரத்தை உறிஞ்சும், அதில் சிறிது அமிலத்தன்மையும் உண்டு. வி.சி.ஐ தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடுவது நல்லது.

நான்காவது, கடைந்த பொருள்கள் இருக்கும் அறையில் அமிலப் புட்டியை வைக்கக்கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி மூடியின் இடுக்கு வழியாகக் கசிந்தாலே சுற்றியுள்ள இரும்பெல்லாம் பழுப்பாகிவிடும்.

ஐந்தாவது, டானினை அதற்குரிய இடத்தில் பயன்படுத்த வேண்டும். துருப்பிடித்த கேட், ஜன்னல் கம்பி, இயந்திரத்தின் அடித்தாங்கி போன்ற, அளவு நுணுக்கம் தேவைப்படாத இடங்களில் உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, டானின் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டரைப் பூசலாம். பழுப்பு நிறம் கறுத்து நன்றாக உலர்ந்த பிறகு அதன்மேல் சாயம் பூச வேண்டும். அந்தக் கறுப்புப் படலம் மட்டுமே மழையைத் தாங்காது. பேரிங் உட்காரும் இடத்திலும் மரையிலும் இதைப் பூசக்கூடாது.

எந்தத் திரவத்தை வாங்கினாலும் 'இயற்கை', 'பசுமை' என்ற சொற்களை மட்டும் நம்பிவிடக்கூடாது. ஆபத்தான இரசாயனங்களை விற்பவர் அதன் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கொடுக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு சுகாதார விதிமுறைகள் கூறுகின்றன. அந்தத் தாளில் நைட்ரைட், குரோமேட் போன்ற பெயர்கள் இருக்கின்றனவா, கையுறை தேவையா, கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற விவரங்கள் இருக்கும். தொழிலாளியும் அதைக் கேட்டுப் படிக்கலாம்.

பள்ளி மாணவர்களுக்கு ஒரு சோதனை

படிவம் ஐந்து வேதியியல் பாடத்தில் இரும்பு துருப்பிடித்தல் பற்றி மாணவர்கள் படிக்கிறார்கள். அதை வீட்டிலேயே எளிதாகப் பார்க்கலாம். துருப்பிடித்த ஓர் ஆணியை எடுத்து, பால் கலக்காமல் கெட்டியாகக் காய்ச்சி ஆற வைத்த தேநீரை அதன் பாதிப் பகுதியில் சொட்ட விட்டு உலர விடலாம். சில முறை இப்படிச் செய்தால் அந்தப் பாதி பழுப்பிலிருந்து கருநீலமாக மாறத் தொடங்கும். பளபளப்பான புது ஆணியிலும் இதையே செய்து பார்த்தால், அதன் பளபளப்பு மங்கிக் கறை படிவதைக் காணலாம். துருப்பிடித்த இரும்புக்கு உதவும் பொருள் கடைந்த இரும்புக்கு ஏன் உதவாது என்பதை இந்த இரண்டு ஆணிகளும் விளக்கிவிடும்.

உலோக அரிப்பு வேதியியலும் பொறியியலும் சந்திக்கும் துறை. கப்பல், எண்ணெய்க் குழாய், பாலம், மின்னியல் ஆலை எல்லாவற்றுக்கும் இதில் தேர்ந்தவர்கள் தேவை. லேத் ஓட்டும் தந்தையின் கைத்தொழில் அறிவும், பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையின் வேதியியல் அறிவும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசக்கூடிய துறை இது. கரி சூளையில் ஒதுக்கிய பட்டையிலிருந்து பட்டறைக்கு ஏற்ற நல்ல எண்ணெய் ஒன்று பினாங்கிலேயே உருவாக வேண்டுமானால், அந்த இருவரின் அறிவும் அதற்குத் தேவைப்படும்.